எல் போர்டு போட்ட கப்பல்

செஞ்சியில் கப்பல் கட்டுவதற்கு எந்த மனிதனுக்கும் நியாயமான காரணம் கிடையாது. கடல் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. ஆறு என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கொஞ்ச நாள் ஆறாக இருக்கும், மற்ற நாளெல்லாம் கிரிக்கெட் மைதானமாகப் பொதுமக்களுக்குப் பயன்படும். எந்தத் தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறைதான். இப்படிப்பட்ட ஊரில்தான் கவிதா டிரைவிங் ஸ்கூல் அரிகிருஷ்ணன் ஒரு கப்பல் கட்டினார்.

ஆள் ஏறுகிற கப்பல் இல்லை. கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்கலாம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுவது. அதிலும் போர்க்கப்பலோ பயணிகள் கப்பலோ கட்டியிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். அவர் கட்டியது இழுவைக் கப்பல். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்க்கும் குட்டிக் கப்பல்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"மாஸ்டர், இது இன்னாத்த இழுக்கும்?"

செஞ்சியில் இழுப்பதற்கு வேறு கப்பல் இல்லை என்பது அரிகிருஷ்ணனுக்கும் தெரியும்.

ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனபோது, யாரையோ பிடித்துத் துறைமுகத்துக்குள் போய்ப் பார்த்தார். ஊர் அளவுக்கு ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அரிகிருஷ்ணன் கண்ணுக்கு அது வரவே இல்லை, இழுத்துவரப்பட்டது. முன்னால் குள்ளமாக, அகலமாக, கோபக்காரக் காளைபோல் ஒன்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டு இழுத்தது. அதன் உடம்பு முழுக்கப் பழைய லாரி டயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். டயர் கட்டிய கப்பலைப் பார்த்ததும் டிரைவிங் ஸ்கூல்காரர் மனம் உருகிவிட்டது. தன் வாழ்நாளில் பாதியை, மாணவர்கள் பள்ளத்தில் இறக்கிய காரைக் கயிறு கட்டி வெளியே இழுப்பதில் கழித்தவர் அவர். இழுத்தவனை யாரும் போட்டோ எடுப்பதில்லை என்பதை அறிந்தவர். கல்யாணத்துக்குப் போகாமல் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். மொய்யை மட்டும் கவிதா வைத்துவிட்டு வந்தாள்.

கவிதா அவர் மனைவி. பெயர்ப்பலகையிலும் கவிதா, கல்லாவிலும் கவிதா, பெண்களுக்கு வண்டி கற்றுக்கொடுப்பதும் கவிதா. மாஸ்டர் என்ற பட்டம் மட்டும் அரிகிருஷ்ணனுக்கு.

ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கப்பல் வளர்ந்தது. பிளைவுட்டில் விலா எலும்புகள் அறுத்து நிறுத்தினார். அதன்மேல் மெல்லிய மரப் பட்டிகளை வளைத்து ஒட்டினார். ஓட்டை விழுந்த தண்ணீர் டேங்குக்குப் பூசுவார்களே, அதே ஃபைபர் துணியையும் பிசினையும் வைத்து முழுவதும் போர்த்தினார். ஸ்கூலின் பழைய கார் ஆயுள் முடிந்து எடைக்குப் போகும் முன் அதன் ஏசி ப்ளோயர் மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். அது கப்பலின் இதயமானது. ஒரு மொபெட்டின் பேட்டரி வயிறானது. தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறியும் ரிமோட்டும் ஆன்லைனில் வந்தன. சுற்றிலும் தொங்கவிட டயர் வேண்டுமே என்று, தெருவில் உடைந்த பொம்மைக் கார் கிடந்தால் குனிந்து சக்கரத்தைப் பிடுங்கிக்கொள்வார். ஊரில் மதிப்பான ஒரு மனிதர் குப்பைமேட்டில் குனிவதைப் பற்றிப் பலரும் கவிதாவிடம் அக்கறையாக விசாரித்தார்கள்.

பெயின்ட் வேலைக்குத் தனகோட்டி வந்தார். திண்டிவனம் ரோட்டில் டிங்கரிங் பெயின்டிங் ஷெட் வைத்திருப்பவர், அரிகிருஷ்ணனின் சிநேகிதர். மாணவர்கள் ஒடுக்கியதை நிமிர்த்தி நிமிர்த்தியே ஷெட்டுக்கு மாடி எடுத்தவர் என்பதால் டிரைவிங் ஸ்கூல்மேல் அவருக்குத் தனிப் பிரியம். பட்டி போட்டு, காயவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்து, விரல் நுனியால் தடவி, மறுபடி பட்டி போட்டார். இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு ரெட் ஆக்சைடை உடம்பு முழுக்க முதல் பூச்சாக அடித்தார். அதற்குமேல் என்ன நிறம் என்பதில்தான் தகராறு.

"மெட்டாலிக் புளூ அடிச்சுக்கலாம் மாஸ்டர். வெயில்ல சும்மா தகதகன்னு மின்னும்."

"இழுக்கிற வண்டி மின்னக்கூடாதுபா. ரிகவரி வண்டி எதனா மின்னி பாத்துக்கிறியா?"

"அப்ப இன்னா கலரு?"

"கருப்பு. தண்ணிக்குக் கீழ இருக்கிறது அப்படியே சிவப்பு. கேபின் வெள்ள. புகைபோக்கி மட்டும் மஞ்சள்."

"துக்க வீட்டு வண்டி மாதிரி இருக்குமே."

"மஞ்சள் இருக்குது இல்ல."

தனகோட்டி மனமில்லாமல் அடித்தார். ஆனால் மனமில்லாமல் அடித்தாலும் அவர் கை நன்றாகவே அடிக்கும். கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே கோடு ஓட்ட, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கடன் வாங்கி, கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து புள்ளி வைத்தார். முடித்துவிட்டுப் போகும்போது எச்சரித்தார்.

"மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும். உள்ள இன்னும் பச்சையாத்தான் இருக்குது. ஒரு வாரத்துக்கு ஸ்டிக்கர் கிக்கர் எதுவும் ஒட்டிடாதீங்க."

இதை அவர் அரிகிருஷ்ணனிடம்தான் சொன்னார். கவிதாவிடம் சொல்லவில்லை.

மறுநாளே கப்பலைத் தண்ணீரில் இறக்காவிட்டால் அரிகிருஷ்ணனுக்குச் சோறு இறங்காது போலிருந்தது. வல்லத்தில் கவிதாவின் அண்ணன் கொல்லையில் பம்புசெட்டும் பெரிய சிமென்ட் தொட்டியும் உண்டு. அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கப்பல் மிதந்தது. கருப்பு மேலே, சிவப்பு கீழே, தனகோட்டியின் கோட்டை மயிரிழை பிசகாமல் தண்ணீர் தொட்டுக்கொண்டு நின்றது. அரிகிருஷ்ணன் ரிமோட்டைத் தள்ளினார். கப்பல் முறுக்கிக்கொண்டு கிளம்பியது. எதிர்ச்சுவர் வரை போனது. அழகாகத் திரும்பியது. அவரை நோக்கி வந்தது. அங்கேதான் சிக்கல்.

போகும்போது வலது என்றால் வலது. வரும்போது, கப்பலின் முகம் உங்களைப் பார்த்திருக்கையில், நீங்கள் வலது பக்கம் தள்ளினால் அது உங்கள் இடது பக்கம் போகும். ஊருக்கெல்லாம் வலதும் இடதும் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வலதுபுறம் தள்ளினார். கப்பல் இடதுபுறம் ஓடியது. பதறி இன்னும் வலதுபுறம் தள்ளினார். அவருடைய வலது கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகிய கால். கொல்லை மண்ணில் பிரேக் இல்லை. கப்பல் சுவரில் போய் மோதி, கட்டியிருந்த பொம்மை டயரின் புண்ணியத்தால் தப்பியது.

கவிதா தொட்டிமேட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஸ்கூல் கார்களுக்கு வெட்டிவைத்திருந்த ரேடியம் ஸ்டிக்கர்களில் சின்னதாக ஒரு சிவப்பு 'எல்' எழுத்தை எடுத்து, கப்பலின் பின்பக்கத்தில் நடுவாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"ஓட்டக் கத்துக்கிறவங்க வண்டிக்கு எல் போர்டு இருக்கணும். நீங்கதான சொல்லுவீங்க."

"கவிதா, எனக்கா?"

"ஆளப் பாத்தா போடறாங்க? வண்டிய நேரா ஓட்டிக்கினு வந்து, நாலு பேருக்கு முன்னாடி ஒழுங்கா நிறுத்துங்க. அன்னிக்கு நானே எடுத்துடறேன்."

கவிதா டிரைவிங் ஸ்கூலில் அது சட்டம். பாஸ் பண்ணியவர் வண்டியிலிருந்து எல் ஸ்டிக்கரை உரிக்கும் வரை மாஸ்டர் யாரையும் டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. சட்டம் தங்கள்மேலேயே பாயும் என்று அதை இயற்றுகிறவர்கள் எப்போதுமே எதிர்பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து அரிகிருஷ்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். அந்த எல் உரிய வேண்டும். அதுவும் நாலு பேருக்கு முன்னால்.

அடுத்து மேல்மலையனூர். புது வண்டி எது வாங்கினாலும் அங்காளம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துவருவது வழக்கம். இதுவும் புது வண்டிதானே என்றாள் கவிதா. அமாவாசைக் கூட்டத்தில் கப்பலை நுழைத்தால் புகைபோக்கி மட்டும்தான் மிஞ்சும் என்பதால் சாதாரண நாளாகப் பார்த்துப் போனார்கள். பூசாரி கப்பலுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். கப்பலைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"சக்கரம் எங்கபா?"

"கப்பலுக்குச் சக்கரம் இல்ல சாமி."

"சுத்தி கட்டிக்கினு இருக்குதே?"

"அது சும்மா, இடிச்சா தாங்கறதுக்கு."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "எங்க முன்னோருங்க வலை வீசுனவங்கதான். ஆனா இங்க படகுக்குப் பூசை போடறது எனக்கு இதான் மொதல் தடவ. பழத்த நசுக்க வேணாம். உள்ள வெச்சுக்குங்க. ஆத்தா பாத்துக்குவா" என்று பழத்தைக் கவிதா கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் தொட்டியில் இறக்கியபோது கப்பல் வலது பக்கம் சாய்ந்து நின்றது. அரிகிருஷ்ணன் திகைத்தார். சக்கர பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயத் துண்டுகளை டயர் கடையிலிருந்து கொண்டுவந்து, உள்ளே இடது பக்கம் ஒட்டினார். கப்பல் நிமிர்ந்தது. ஒரு சுற்று விட்டார். திரும்பி வந்தபோது முன்பைவிட மோசமாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஈயத்தைப் பிடுங்கி வலது பக்கம் ஒட்டினார். அடுத்த சுற்றில் வலது பக்கம் சாய்ந்தது. பலகை ஊறிவிட்டது என்றார். மோட்டார் முறுக்கும் வேகத்தில் அப்படித்தான் ஆகும் என்றார். பூமி சுற்றுவதைக்கூட ஒரு முறை சந்தேகித்தார். தனகோட்டியை வரவழைத்துப் பெயின்ட் ஒரு பக்கம் தடிப்பாக விழுந்திருக்குமோ என்று கேட்டதில் இரண்டு நாள் பேச்சு நின்றது.

கடைசியில், கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கவிதா தலை நிமிராமலே கேட்டாள்.

"எலுமிச்சம்பழம் உருண்டுக்கினு இருக்குமா?"

அரிகிருஷ்ணன் மூடியைத் திறந்து, பேட்டரிக்குப் பின்னால் கைவிட்டு, குங்குமம் பூசிய பழத்தை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எறியவும் மனம் வராமல், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் நட்டநடுவில் ஒட்டிவைத்தார். கப்பல் நேராக நின்றது. ஆத்தா பார்த்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் 'வரலாற்று வேங்கை' ராமகிருஷ்ணன் கொட்டகைக்கு வந்தார்.

ராமகிருஷ்ணனுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது, சிமென்ட் ஏஜென்சி இருக்கிறது, செஞ்சி வரலாற்று மீட்பு மன்றம் இருக்கிறது. மூன்றுக்கும் அவரே தலைவர். வேங்கைப் பட்டம் அவருக்கு மன்றத்தின் சார்பில், அவர் மண்டபத்தில், அவர் தலைமையில் நடந்த விழாவில் வழங்கப்பட்டது. அவர் எதிர்பார்க்கவே இல்லை என்று ஏற்புரையில் சொன்னார், ஏற்புரை அச்சடித்திருந்தது. வீட்டில் மனைவியிடம் காபி கேட்பதுகூட மேடைத் தமிழில்தான் என்று பேச்சு.

அவருடைய லேட்டஸ்ட் கண்டுபிடிப்பு, செஞ்சிக்கு ஒரு கடற்படை இருந்தது என்பது. கடலே இல்லாத ஊருக்குக் கடற்படை எப்படி என்று கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, "ஆகவேதான் அது ரகசியக் கடற்படை" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே புதிதாகத் தூர்வாரிய குளம் ஒன்று கார்த்திகை மழையில் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அங்கே மன்றம் நீர்ப்பெருவிழா எடுக்கப்போகிறது.

"தங்கள் கலத்தைக் கண்டேன், மகிழ்ந்தேன்" என்றார் ராமகிருஷ்ணன். "நமது கடற்படையின் கொடிக்கப்பல் இதுவே என்று அறிவிக்கலாம். பொன் வண்ணம் பூசுங்கள். மேலே அரியணை. என் இல்லத்துக் கொலுவில் மன்னர் பொம்மை ஒன்று உள்ளது. முழங்கால் உயரம். அவரை அதில் அமர்த்துவோம்."

"இது இழுவைக் கப்பல்ங்க. மேல அவ்ளோ பாரம் ஏத்துனா கவுந்துடும்."

"மன்னர் பாரமா?"

"மண்ணு பொம்மைதானங்க. பாரம்தான்."

ராமகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். "எதை இழுக்கும்?"

அரிகிருஷ்ணன் ஒரு பொம்மை டயரை நேராகத் தொங்கவிட்டார்.

"சரி. பொன் வேண்டாம், மன்னர் வேண்டாம். வெறுமனே ஒரு சுற்று விடுங்கள். சிறுவர்கள் மகிழட்டும்" என்று பெருந்தன்மையோடு எழுந்துகொண்டார். வாசலில் நின்று திரும்பி, "பின்னால் ஏதோ எல் என்று உள்ளதே, அதென்ன?" என்றார்.

"லண்டன்" என்றாள் கவிதா.

விழா நோட்டீஸ் வந்தது. மேலிருந்து கீழ் வரை ராமகிருஷ்ணன் இருந்தார். கடைசி வரியில், 'இடையிடையே சிறுவர்களை மகிழ்விக்கப் பொம்மைப் படகு' என்று இருந்தது. அரிகிருஷ்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று பூராவும் மாணவர்களைத் திட்டவில்லை. மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர்கள் பயந்தார்கள்.

விழா நாளில் குளக்கரை கொள்ளாத கூட்டம். ராமகிருஷ்ணன் நடுக்குளத்தில் நின்று பேசுவதாக ஏற்பாடு. நீல நிற டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, ஒரு தெப்பம் செய்திருந்தார்கள். அதன் முன்பக்கம் தெர்மகோலில் செய்த அன்னப்பறவையின் கழுத்து ஆளுயரம் நின்றது. நடுவில், மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வரவேற்புக்கு உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம். ராமகிருஷ்ணன் பட்டுச்சால்வையோடும் வயரில்லா மைக்கோடும் அதில் ஏறி உட்கார்ந்தார். கரையிலிருந்தவர்கள் நீளமான கழியால் ஒரு தள்ளு தள்ளினார்கள். தெப்பம் கம்பீரமாக மிதந்து நடுக்குளத்துக்குப் போய் நின்றது. திரும்ப இழுக்கக் கரையிலிருந்தவர்கள் கையில் தேங்காய்நார்க் கயிறு இருந்தது.

அந்தக் கயிற்றைத் தெப்பத்தில் மூங்கிலோடு கட்டியிருக்க வேண்டும். கட்டியவர் மன்றத்தின் கலைக்குழுப் பொறுப்பாளர். அன்னம்தான் தெப்பத்தை இழுத்துவருவதுபோல் தெரிய வேண்டும் என்று, கயிற்றை அன்னத்தின் கழுத்தில் கட்டியிருந்தார்.

பேச்சு முடிந்து, ராமகிருஷ்ணன் "இனிக் கரை நோக்கி" என்று கையை நீட்டியதும், நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அன்னம் வந்தது. அன்னம் மட்டும் வந்தது. கழுத்தும் தலையும் தண்ணீரில் தனியாக நீந்தி வருவதைப் பார்த்து, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

ராமகிருஷ்ணனும் அந்தக் கைதட்டலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகுதான் கவனித்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் முதல் முறையாக மேடையை விட்டு இறங்கியது.

"யோவ், கயிறு எங்கய்யா?"

இறங்கிப் போய் இழுத்துவரலாமே என்றால், நீந்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் அன்று வெள்ளை வேட்டியில் இருந்தார்கள். ஒருவர் துணிந்து காலை வைத்தார். தூர்வாரிய குளத்தின் சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கொடுத்துவிட்டுக் காலை மீட்டார். காவலுக்கு வந்த போலீஸ்காரர், இனி ஒருத்தரும் இறங்கக்கூடாது, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். "கிளம்பிட்டாங்களாம்" என்றார்கள். கிளம்பிட்டாங்களாம் என்றால் எவ்வளவு நேரம் என்று ஊருக்குத் தெரியும். மூங்கில் கொஞ்சம் நகர்ந்து சிம்மாசனம் ஒரு பக்கம் சாய்ந்தது. வேங்கை கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பொம்மைப் படகுக்கான நேரம் வராததால் மரத்தடியில் கப்பலோடு காத்திருந்த அரிகிருஷ்ணன் பக்கம் கவிதா திரும்பினாள்.

"ஏங்க. இன்னாத்த இழுக்கும்னு கேட்டுக்கினே இருந்தாங்களே."

அரிகிருஷ்ணன் நடுக்குளத்தைப் பார்த்தார். கரை முழுக்க அவருடைய மாணவர்கள். போனவருடம் பாஸ் பண்ணியவர்கள், மூன்று முறை ஃபெயிலானவர்கள், எல்லாரும். அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால், அல்லது வரும் வழியில் வல்லத்துத் தொட்டியில் நடந்தது நடந்தால், சாகும் வரை பொம்மைதான். சும்மா இருந்துவிட்டால் ஒன்றும் குறையாது. எல் மட்டும் உரியாது.

"தாங்குமா?" என்றார்.

"கட்டுனது நீங்க. என்னக் கேட்டா?"

கப்பலைத் தண்ணீரில் இறக்கினார். கலைக்குழுப் பொறுப்பாளர் ஓடிவந்தார். "மாஸ்டர், இந்தக் கயித்த அதுல கட்டி அனுப்புங்க. நாங்களே இழுத்துக்கிறோம்."

"நனைஞ்ச தேங்கா நாருபா. அதக் கட்டுனா கப்பல் அங்கியே உக்காந்துடும். நவுரு."

பின்பக்கக் கொக்கியில் வாலாக ஒரு மெல்லிய நைலான் கயிறு, நுனியில் சுருக்கு. அவ்வளவுதான். கப்பல் கிளம்பியது. போகிற வழியெல்லாம் சுலபம். வலது வலதுதான், இடது இடதுதான். தெப்பத்தைச் சுற்றி வளைந்து, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. போலீஸ்காரரின் மெகாஃபோனை வாங்கிக் கவிதா கூப்பிட்டாள்.

"அய்யா, அந்தச் சுருக்க எடுத்து மூங்கில்ல மாட்டுங்க. நாற்காலில வேணாம்."

"எப்படி மாட்டுவது?"

"குனிஞ்சுதான்."

குனிவது ராமகிருஷ்ணனுக்குப் பழக்கமில்லாத ஆசனம். முதலில் முழங்கால் போட்டார். பிறகு நாலு காலில் நின்றார். பட்டுச்சால்வை தண்ணீரில் நனைந்தது. இடுப்பில் செருகிய மைக் அணையவில்லையாதலால், அவருடைய முக்கல் முனகல் அத்தனையும் நாலா பக்கத்து ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டது. விழாவில் அவர் பேசியதிலேயே எல்லாருக்கும் புரிந்த பகுதி அதுதான். ஒருவழியாகச் சுருக்கு மூங்கிலில் விழுந்தது.

அரிகிருஷ்ணன் ரிமோட்டை மெல்லத் தள்ளினார். கயிறு விறைத்தது. கப்பலின் பின்பக்கம் தண்ணீரில் அழுந்தி, மூக்கு தூக்கி, வாலடியில் நுரை பொங்கியது. தெப்பம் அசையவில்லை.

"பொம்மைக்கு மூச்சு முட்டுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அரிகிருஷ்ணன் அவசரப்படவில்லை. பள்ளத்தில் இறங்கிய காரை வெடுக்கென்று இழுத்தால் கயிறுதான் அறும். பிடித்த பிடியை விடாமல் இருந்தால் அதுவாக வரும். துறைமுகத்திலும் அப்படித்தான் பார்த்தார். பிடித்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் டிரம்களின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் தண்ணீரில் விழுந்தது. சிம்மாசனம் நகர்ந்தது. தேர் நிலையிலிருந்து கிளம்புவதுபோல, நகர்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நகர்ந்தது.

இனி வரும் வழி. கப்பலின் முகம் அவரைப் பார்த்திருந்தது. கொஞ்சம் வலது பக்கம் விலகட்டும் என்று வலது பக்கம் தள்ளினார். கப்பல் இடது பக்கம், கருவேலம் புதரை நோக்கித் திரும்பியது. தெப்பமும் ராமகிருஷ்ணனும் பின்னாலேயே திரும்பினார்கள். மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. இன்னொரு முறை தள்ளினார். புதர் இன்னும் கிட்டே வந்தது.

"முள்ளு" என்றது ஒலிபெருக்கி.

அப்போது அரிகிருஷ்ணன் என்ன செய்தார் என்றால், குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"மாஸ்டரு கோச்சுக்கினாருடா" என்றான் ஒரு பழைய மாணவன்.

கோபம் ஒன்றும் இல்லை. கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே அவரும் பார்த்து நின்றார். இப்போது கப்பலின் வலதும் அவருடைய வலதும் ஒன்று. இடது கையால் பக்கத்திலிருந்த வேப்பமரத்தைச் சீட்டைப் பிடிப்பதுபோல் தொட்டுக்கொண்டு, கழுத்தை மட்டும் தோளுக்குமேல் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஓட்டினார். இத்தனை வருடம் ஒவ்வொருவர் மண்டையையும் பிடித்துத் திருப்பிச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்.

"ரிவர்ஸ் எடுக்கிறாருடா" என்றான் அதே மாணவன், இந்த முறை மரியாதையாக.

கரையோரம் சிரிப்பு பரவியது. ஆனால் கப்பல் புதரை விட்டு விலகியது. "கொஞ்சம் ஒடிச்சு, ஒடிச்சு, நேராக்கு, வரட்டும் வரட்டும்" என்று ஸ்கூல் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று முறை ஃபெயிலானவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். கருப்பு உடம்பும் மஞ்சள் புகைபோக்கியுமாக அந்தக் குள்ளக் காளை, வெல்வெட் சிம்மாசனத்தையும் வரலாற்றையும் இழுத்துக்கொண்டு, படிக்கட்டில் வந்து தன் டயரை மெத்தென்று வைத்தது.

ராமகிருஷ்ணன் இறங்கினார். முழங்காலில் பாசி, சால்வையில் தண்ணீர். மைக்கை இடுப்பிலிருந்து எடுத்தார். அதைப் பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"பெரியோர்களே. நமது ரகசியக் கடற்படையின் இழுவைக் கப்பல் எவ்வாறு இயங்கியது என்பதைத் தாங்கள் இப்போது நேரில் கண்டீர்கள். இழுவைக் கப்பல் இன்றி எந்தக் கடற்படையும் இல்லை."

கூட்டம் கைதட்டியது. அரிகிருஷ்ணனும் தட்டினார். இழுவைக் கப்பல் என்று அந்த மனிதர் ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கடற்படையை அவர் வைத்துக்கொள்ளட்டும். தீயணைப்பு வண்டி அப்புறம் வந்தது. வந்ததற்கு எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கொட்டகையில் அரிகிருஷ்ணன் கப்பலைக் கவிழ்த்துவைத்துச் சுத்தம் செய்தார். ஓடி முடித்ததும் செய்ய வேண்டியது அது. ஒரு நாள் சோம்பினால் தண்டு துருப்பிடிக்கும். விசிறியில் சுற்றியிருந்த பாசியை ஊசியால் எடுத்தார். தண்டின் குழாயில் புதுக் கிரீஸ் ஏற்றினார். மூடியைத் திறந்து உள்ளே கசிந்திருந்த சொட்டுத் தண்ணீரைத் துணியால் ஒற்றினார். எலுமிச்சம்பழம் சுருங்கிக் கல்லாகி, நட்டநடுவில் பத்திரமாக இருந்தது. தனகோட்டி பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, கருப்பு ஒன்றும் மோசமில்லை என்று தானாகவே சொன்னார்.

கவிதா டீ கொண்டுவந்து வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"நாலு பேருக்கு முன்னாடி நிறுத்துனீங்க. ஒத்துக்கிறேன்."

"திரும்பி நின்னு ஓட்டுனேனே."

"ரிவர்ஸும் டெஸ்ட்டுல உண்டு இல்ல" என்றவள், எல் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்தாள்.

ஸ்டிக்கர் வந்தது. கூடவே கருப்பும் வந்தது. காயாத பெயின்டில் அழுத்தித் தேய்த்து ஒட்டிய ஸ்டிக்கர், எழுத்தின் அளவுக்குக் கருப்பை அப்படியே கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அடியிலிருந்த ரெட் ஆக்சைடு வெளியே தெரிந்தது. ஓரம் பிசிறில்லாமல், முன்பைவிட அழகாக, சிவப்பாக, ஒரு 'எல்'.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் ஒட்டாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் தனகோட்டி.

"என்கிட்ட யாரு சொன்னது?" என்றாள் கவிதா.

அரிகிருஷ்ணன் டீயை எடுத்து ஊதினார். தனகோட்டி எழுந்து, பட்டி டப்பாவைத் தேடினார். "தேச்சுட்டு ஒரு கோட்டிங் குடுத்தா போதும் மாஸ்டர். பத்து நிமிஷ வேல. இருந்த இடமே தெரியாது."

"இருக்கட்டும் வுடுபா" என்றார் அரிகிருஷ்ணன்.

"இது இன்னா எல்லுன்னு யாராவது கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

அரிகிருஷ்ணன் ஒரு வாய் டீ குடித்தார். கவிதாவைப் பார்த்தார்.

"லண்டன்" என்றார்.